நூற்றிருபத்தெட்டு செத்த கட்டங்கள்

கெட்டுப்போன பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவரிடம் அவர் முதலில் கேட்பது, அதற்கு என்ன ஆயிற்று என்பதல்ல.

“இதுல யாரு திருப்புளி வெச்சது?”

யாரும் வைக்கவில்லை என்பார்கள். அவர் பெட்டியைக் கவிழ்த்துத் திருகுகளின் தலையைப் பார்ப்பார். தலை மழுங்கியிருந்தால், “அப்ப இது தானா கழண்டு தானா மாட்டிக்கிச்சா?” என்பார். வந்தவர் சற்று நெளிந்துவிட்டு மச்சானையோ மாமனாரையோ காட்டிக்கொடுப்பார். அதன்பிறகுதான் வேலை தொடங்கும். திருப்புளி அக்கா என்ற பெயர் இப்படித்தான் வந்தது. வயது ஐம்பத்தேழு. தன்னைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவதை அவர் கண்டுகொள்வதில்லை.

அவர் பழுது பார்ப்பது பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் வீடியோ கேம் பெட்டிகளையும். தொலைக்காட்சியோடு இணைத்து, கேசட்டிலிருந்து நிரலை ஏற்றி ஓட்டிய காலத்துப் பெட்டிகள். அப்படிப்பட்ட லட்சம் பெட்டிகளின் நினைவகம் இன்றைய கைபேசி ஒன்றில் அடங்கிவிடும். இருந்தும் ஆட்கள் கொண்டுவருகிறார்கள். எதற்காக என்று அவர் கேட்பதில்லை.

“பல்லு வலிக்குதுன்னு வந்தவன்கிட்ட, உனக்கு எதுக்குப் பல்லுன்னு கேப்பாங்களா?”

உவமைக்குப் பல்லை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தையற்கடைக்கு மேலே உள்ள அந்த ஒற்றை அறையில் பாதிதான் அவருடையது. மறு பாதி அவருடைய கணவருக்கு. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் மூடி கழற்றிய கம்ப்யூட்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நடுவில் ஒரு மேசைவிசிறி இரண்டு பக்கமும் நியாயமாகத் தலையைத் திருப்பும்.

சரிசெய்யவே முடியாத பெட்டிகளுக்கு அக்காவிடம் இன்னொரு வழி உண்டு. அது எமுலேட்டர். பழைய பெட்டி எப்படியெல்லாம் நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும்படி இன்றைய கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்ட நிரல். பெட்டியே இல்லாமல் பெட்டியின் விளையாட்டை அதில் ஆடலாம். அசல்தான் உயர்வு, மற்றதெல்லாம் போலி என்று மூக்கைச் சுளிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எமுலேட்டரிடம் அவர் கண்ட ஒரே குறை, அதற்குக் கெடத் தெரியாது என்பதுதான்.

அவரை மேதை என்று சொல்வதற்கில்லை. அந்த அளவு கைநேர்த்தி உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிடிவாதம் இருக்கிறது, ஆனால் பிடிவாதத்தை அப்படியே ஒரு நற்குணம் என்று எடுத்துக்கொண்டுவிட முடியாது. இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்லும் கோளாறை அவர் காதில் வாங்குவதில்லை. எழுதிக் கொடுத்தால் படிப்பதும் இல்லை; தானே முதலிலிருந்து பார்த்தால்தான் மனம் ஆறும். அவருடைய பிடிவாதத்தில் பாதி இப்படி வீணாகப் போகிறது. அந்த வீண் பாதி ஒருமுறை அவரை ஏறத்தாழ அழித்தது. மறு பாதிதான் மீட்டது.

நகரின் அறிவியல் கூடத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றி ஒரு மாதக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதன் பொறுப்பாளர் முப்பது வயது இளைஞர். எந்த வாக்கியத்தையும் ‘பிரச்சினை இல்ல’ என்று தொடங்குபவர். ஒரு திங்கட்கிழமை காலை அவர் குமிழி உறையில் சுற்றிய வெறும் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“பிரச்சினை இல்லக்கா, மெமரி மட்டும்தான் கோளாறு. மேல்மூடியை அங்க கழுவிக்கிட்டிருக்காங்க. எட்டு மெமரி சிப்பு இருக்கு. எட்டையுமே புதுசா மாத்திடுங்க. ஒரு மாசம் நிக்காம ஓடணும்.”

“கெட்டதை மாத்தறேன். நல்லதுல நான் கை வைக்க மாட்டேன்.”

“பிரச்சினை இல்லக்கா. எங்க எலக்ட்ரீஷியன் டெஸ்ட் பண்ணி ஒரு சீட்டு எழுதியிருக்காரு, அதையும் வெச்சுக்கங்க. கழட்டின சிப்பைக் குப்பையில போட்டுடலாம்னும் அதுலயே எழுதியிருக்கோம்.”

அக்கா அந்தச் சீட்டைப் படிக்கவில்லை. வேலைக் குறிப்பேட்டின் பக்கத்தில் குத்திவைத்துவிட்டு, தன்னுடைய சோதனைக் கருவியைப் போர்டில் மாட்டினார். ஆறாவது சிப் கெட்டுப்போனது என்றது கருவி. எங்கே, எவ்வளவு என்றெல்லாம் அது சொல்லாது. சொல்லவேண்டிய தேவையும் அன்று இல்லை.

போர்டில் பற்றவைத்த சிப்பை முழுதாக உருவ முயன்றால் போர்டின் மெல்லிய செப்புக் கோடுகள் கிழியலாம். அதனால் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் செத்த சிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பதினாறு கால்களையும் உடலை ஒட்டி நறுக்கி உடலை எடுத்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி உருவுவார்கள். அக்காவும் அப்படியே செய்தார். உடலின் முதுகில் வெள்ளை மையால் வேலை எண்ணை எழுதி, செத்த சிப்புகள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டார். எந்தக் கம்பெனி சிப் எத்தனை வருடத்தில் சாகிறது என்று பார்ப்பதற்காக அவர் வைத்திருக்கும் டப்பா அது. போர்டில் ஒரு சாக்கெட் வைத்து, அதில் நல்ல சிப்பைச் செருகினார். குறிப்பேட்டில் எழுதினார்: வேலை எண் 412. கோளாறு: ஆறாவது சிப். செய்தது: மாற்றியது.

சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்ட வேலை.

மறுநாள் கூடத்தின் வண்டிக்காரர் கழுவிய மேல்மூடியையும் மூன்று கேசட்டுகளையும் தட்டச்சு செய்த ஒரு தாளையும் கொண்டுவந்து வைத்தார். அக்கா மூடியைத் திருப்பினார். வலது ஓரத்தில் படகு வடிவத்தில் ஒரு கருகல். துணி தேய்க்கும் பெட்டி பட்ட தழும்பு.

அந்தத் தேய்ப்புப் பெட்டியை வைத்தவர் அவரேதான். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு.

அவர் கேசட்டுகளைப் பார்த்தார். ‘நாள்காட்டி’. ‘வாய்ப்பாடு’. மூன்றாவது, ‘கட்டெறும்பு’. மூன்றின் கீழும் அவருடைய அண்ணனின் சாய்வான கையெழுத்தில் அண்ணனின் பெயர். தாளையும் படித்தார். கண்காட்சிக்காக அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பு அது. “நம் நகரில் ஒரு வீட்டில் உருவான முதல் விளையாட்டு ‘கட்டெறும்பு’. அதை எழுதி முடித்த சில வாரங்களில் இயந்திரம் பழுதாகிவிட்டது. நானும் வேலைக்காக வெளியூர் புறப்பட்டுவிட்டேன். அதன்பின் அந்த இயந்திரம் சரிசெய்யப்படவே இல்லை. என் முயற்சியும் அதோடு நின்றது.”

நடந்தது வேறு. அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். நாள்காட்டியும் வாய்ப்பாடும் எழுதினார். ஒருநாள் நாள்காட்டி பாதி மாதத்தில் உறைந்து நின்றது. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, கெட்டுவிட்டது என்று துணியைப் போட்டு மூடி, வேலைக்குப் போய்விட்டார். துணியை எடுத்தவள் பத்தொன்பது வயதுத் தங்கை. நினைவகத்தின் பதினாறாயிரத்துச் சொச்சம் கட்டங்களிலும் 255 என்ற எண்ணை வைத்து, திரும்ப வருவது என்ன என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினாள். எல்லாக் கட்டமும் 255 என்றே திருப்பிச் சொன்னது. கட்டங்களின் எண்வரிசை 16384-இல் தொடங்கும்; அதில் 26624 முதல் 26751 வரை மட்டும் 223 என்றது. நூற்றிருபத்தெட்டு கட்டங்கள். அவற்றில் எதை வைத்தாலும் அதில் ஒரு துளி தொலைந்துவிடும்.

மாற்ற அவளிடம் சிப் இல்லை. அதனால் அந்த நூற்றிருபத்தெட்டையும் இல்லை என்றே வைத்துக்கொண்டாள். தேய்ப்பு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, எட்டு மாதம் காகிதத்தில் எண் எண்ணாக எழுதி, ஒரு விளையாட்டைச் செய்தாள். சமையலறைத் தரையில் ஓர் எறும்பு சர்க்கரைத் துகளைச் சுமந்துகொண்டு போகும். குழாய் சொட்டும், துடைப்பம் வரும், பெரிய பாதங்கள் வரும். நிரல் 26624-க்கு வந்ததும் ஒரே தாவலில் 26752-க்குப் போய்விடும். கடைசியில் மிச்சமிருந்த இடம் பத்தே பத்து கட்டங்கள். தன் பெயரைத் திரையில் போடலாம். அல்லது எறும்புக்கு ஆறாவது காலை வரையலாம். ஐந்து காலோடு எறும்பு நடக்குமா என்று நினைத்து, காலை வரைந்தாள்.

விடுமுறைக்கு வந்த அண்ணன் கேசட்டை எடுத்துப் போனார். தொலைந்தால் திரும்பி வரட்டும் என்று அதிலும் தன் பெயரை எழுதினார். வெளியூர் கம்ப்யூட்டர் சங்கத்தில் அதை நூறு பேர் பிரதி எடுத்தார்கள், பெயரோடு. செய்தி வீட்டுக்கு வந்தபோது அப்பா, “யார் பேர்ல இருந்தா என்னம்மா, வீட்டுக்குத்தானே பெருமை” என்றார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள். பிறகு தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் இருபது வருடம், அதன்பின் இந்த அறை. கம்ப்யூட்டர் அண்ணன் வீட்டுப் பரணுக்குப் போயிற்று, அங்கிருந்து இப்போது அறிவியல் கூடத்துக்கு.

அக்கா குறிப்பேட்டைத் திறந்து, முந்தின நாள் குத்திவைத்த சீட்டை இப்போதுதான் படித்தார். எலக்ட்ரீஷியன் எழுதியிருந்தார்: ‘26624 முதல் 26751 வரை பிழை.’

போர்டை மூடிக்குள் வைத்து, தொலைக்காட்சியோடு இணைத்தார். எறும்பு ஓடியது. நாள்காட்டி ஓடியது. வாய்ப்பாடும் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கணவர் ஒரு கீழ்த்தாடையை ராவிக்கொண்டிருந்தார்.

“என்ன, பல்லு புடுங்கின மாதிரி முகத்தை வெச்சிருக்க?”

“நானேதாங்க புடுங்கிட்டேன்.”

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கட்டெறும்பு தன் மனைவி எழுதியது என்று கணவருக்குத் தெரியும். அந்தச் செத்த கட்டங்கள் மட்டும் புதிய செய்தி. ராவும் எந்திரத்தை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப அந்தக் கோளாறுதான் சாட்சி. சாட்சியை வெட்டி டப்பாவுல போட்டுட்டு, சாட்சி எங்கேன்னு தேடற.”

“டப்பாவுலதான் இருக்கு. கால்தான் இல்ல.”

“எத்தனை கால்?”

“பதினாறு. ஒட்ட நறுக்கிட்டேன்.”

“கொண்டா பாப்போம்.” பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சிப்பை விரல் நுனியில் வைத்துத் திருப்பினார். “வேர் உள்ளதான் இருக்கு. மேலதான் உடைஞ்சிருக்கு. இதைவிட மோசமான வாயெல்லாம் பாத்திருக்கேன். இது வாயை மூடாது, எச்சில் ஊறாது, நடுவுல எந்திரிச்சு வீட்டைப் பத்திப் பேசாது.”

இரண்டு பகல் அந்த வேலை நடந்தது. கணவர் பல் ராவும் மெல்லிய முனையால் சிப்பின் கறுப்பு உடலை ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, உள்ளே புதைந்த உலோகத்தை மயிரிழை அளவு வெளியே கொண்டுவந்தார். அக்கா, பழைய ரெசிஸ்டர்களிலிருந்து நறுக்கிய கம்பித்துண்டுகளை அதில் பற்றவைத்தார். ஒன்பதாவது காலில் முனை சற்று ஆழமாக இறங்கிவிட்டது. கணவர் தூளை ஊதிவிட, இருவரும் குனிந்து பார்த்தார்கள். உலோகம் அறுந்திருக்கவில்லை.

“இனிமே கெட்டதை எல்லாம் திருப்பி வெக்கறதுதான் உன் தொழிலா?” என்றார் கணவர்.

“இது ஒண்ணுதான்.”

பழுது பார்ப்பவருக்குக் கோளாறு என்பது களையவேண்டிய ஒன்று. அது இல்லாதபோது பொருள் எப்படி இருக்குமோ அதுவே பொருளின் உண்மையான நிலை என்று நாம் எல்லோருமே கேள்வி கேட்காமல் நம்புகிறோம். ஆனால் அந்த மேசையில் கிடந்த பெட்டியை, அதே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பெட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டியது அதன் கோளாறு ஒன்றே. அதைச் சரிசெய்தபோது அது யாருடைய பெட்டியாகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஒட்டுக்கால்களோடு இருந்த அந்தச் சிப்பை அக்கா சாக்கெட்டில் செருகினார். 26624-இல் 255-ஐ வைத்தார். திரையில் 223 என்று வந்தது.

“வா,” என்றார் அக்கா, வீட்டுக்கு வந்தவரை அழைப்பதுபோல.

வியாழன் பதினோரு மணிக்குப் பொறுப்பாளர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். அக்கா கேட்டுக்கொண்டபடி அண்ணனையும் அழைத்து வந்திருந்தார். அண்ணன் பெரிய நிறுவனம் ஒன்றில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். படியேறிய மூச்சோடு, தாடைகளுக்கு நடுவே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன பாப்பா, எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது அண்ணா. முதல்ல உன் நாள்காட்டியைப் போடறேன்.”

கேசட் கீச்சிட்டுக்கொண்டே நான்கு நிமிடம் ஓடியது. மாதம் கட்டம் கட்டமாக வரையத் தொடங்கி, பதினொன்றாம் தேதிக்குப் பிறகு குப்பை எழுத்துகளாகச் சிதறி உறைந்தது.

“பிரச்சினை...” என்று தொடங்கிய பொறுப்பாளர் நிறுத்திக்கொண்டார்.

“என்ன பாப்பா, இன்னும் சரியே ஆகலையே?”

“சரியாயிடுச்சு. நான்தான் பழைய சிப்பைத் திரும்ப வெச்சிருக்கேன். இரு, அடுத்ததையும் பாத்துடு.” வாய்ப்பாடு ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றது. அக்கா மூன்றாவது கேசட்டைப் போட்டார். திரையில் சமையலறைத் தரை விரிந்தது. ஓர் எறும்பு ஆறு காலையும் மாற்றி மாற்றி வைத்து, சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

அண்ணன் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா தம்பி? மத்ததெல்லாம் படுத்துடுச்சு, கட்டெறும்பு மட்டும் ஓடுது. அந்தக் காலத்துலயே அவ்வளவு கெட்டியா எழுதியிருக்கேன்.”

“ஆமா அண்ணா. எப்படி ஓடுதுன்னு சொல்லேன்.”

“எப்படின்னா? நல்லா எழுதினா ஓடுது.”

அக்கா மடிக்கணினியைப் பொறுப்பாளர் பக்கம் திருப்பினார். அதில் எமுலேட்டர் அதே விளையாட்டை ஏற்றி, நினைவகத்தைக் கட்டம் கட்டமாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. எண் இருக்கும் கட்டம் கறுப்பு. ஒன்றும் இல்லாதது வெள்ளை. நெருக்கமான கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, கத்தியால் வெட்டியதுபோல் கிடந்தது.

“தம்பி, அந்த வெள்ளை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு படிங்க.”

“26624... 26751.”

“உங்க எலக்ட்ரீஷியன் எழுதின சீட்டையும் படிங்க.”

பொறுப்பாளர் படித்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“இப்ப எங்க அண்ணன் டைப் பண்ணிக் கொடுத்த தாள். விளையாட்டை எழுதி முடிச்ச அப்புறம்தான் மிஷின் கெட்டுச்சாம். அதுக்கப்புறம் யாரும் சரி பண்ணவே இல்லையாம்.” அக்கா அண்ணனைப் பார்த்தார். “கெடறதுக்கு முன்னாடி எழுதினவனுக்கு, எந்த இடம் கெடப்போகுதுன்னு எப்படிண்ணா தெரியும்? நூத்தி இருபத்தெட்டு கட்டம். ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைய இல்ல.”

மறுபக்கத்தில் கணவரின் எந்திரம் நின்றிருந்தது.

“முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு,” என்றார் அண்ணன். “தேதி முன்னபின்ன இருக்கும். கெட்ட அப்புறம் எழுதியிருப்பேன்.”

“சரி, அப்படியே வெச்சுக்குவோம். எழுதினவன் அந்தக் கட்டங்களை நூறு தடவை சோதிச்சிருப்பான். 255 வெச்சா என்ன திரும்பி வரும்? சொல்லு, இப்பவே விட்டுடறேன்.”

அண்ணன் பொறுப்பாளர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தார். அதில் கட்டங்களின் எண்கள் மட்டும்தான் இருந்தன.

“223,” என்றார் கணவர் தாடைகளுக்குப் பின்னாலிருந்து. “மன்னிச்சுக்கங்க மச்சான். ரெண்டு நாளா கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

“நான் பொய் சொல்லல பாப்பா,” என்றார் அண்ணன், குரல் இறங்கி. “டேப் தொலைஞ்சா திரும்பி வரணும்னுதான் பேரை எழுதினேன். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க.”

“நீ இல்லன்னு சொல்லல.”

“சொல்லியிருந்தா? தங்கச்சி எழுதினதுன்னா அங்க எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.”

“சிரிக்கட்டும்னு ஒரு தடவை சொல்லிப் பாத்திருக்கலாமே.”

அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியாக இருக்காது. தொடக்கத்தில் அவராக எதையும் சொன்னதில்லை. பிறர் சொன்னதற்குத் தலையாட்டினார். முதல் வருடம் அது கூச்சமாக இருந்திருக்கும். பத்தாவது வருடம் பழக்கமாகியிருக்கும். முப்பதாவது வருடத்தில், தேய்ப்பு மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தது தான்தான் என்று அவருக்கே ஞாபகம் இருந்திருக்கலாம்.

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். “அக்கா, ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து செஞ்ச விளையாட்டுன்னு. குடும்பக் கதையா நல்லாவே இருக்கும். யாருக்கும் பிரச்சினை இல்ல.”

“அதான் நியாயம்,” என்றார் அண்ணன் உடனே. “எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல.”

அறையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். கணவரும்கூட, ஒத்துக்கொண்டால் என்ன என்பதுபோல்தான் பார்த்தார். அது பெருந்தன்மையாகத் தெரியக்கூடிய இடம். பாதி கிடைக்கிறது, உறவும் நிற்கிறது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு அப்பா கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான்.

“அண்ணன் வாங்கினாரு. நான் எழுதினேன்,” என்றார் அக்கா. “வாங்கினதுல எனக்குப் பங்கு வேண்டாம். எழுதினதுல அவருக்குப் பங்கு கிடையாது. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.”

“அப்படி எழுத மேலிடத்துல ஒத்துக்கலைன்னா?” என்றார் பொறுப்பாளர்.

“மிஷினை எடுத்துட்டுப் போங்க, அது உங்களது. எட்டு சிப்பையும் புதுசா மாத்தித் தர ஆள் இருக்காங்க. இந்தச் சிப்பு மட்டும் என்கிட்ட இருக்கும்.”

“சிப்பும் எங்களதுதானேக்கா?”

“கழட்டினதைக் குப்பையில போடலாம்னு எழுதிக் கொடுத்தது யாரு? சீட்டு உங்க கையிலதான் இருக்கு.” பொறுப்பாளர் கையைக் கீழே இறக்கினார். “உங்க வாசலுக்கு வெளிய ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவேன். இந்த லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு, உள்ள போறவங்க ஒவ்வொருத்தருக்கும் இந்த வெள்ளைப் பட்டையைக் காட்டுவேன். ஒரு மாசம்தானே? இங்க கடையை இவர் பாத்துக்குவாரு.”

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே,” என்றார் கணவர்.

“யாரு திருப்புளி வெச்சான்னு கேளுங்க. பாதி வேலை அதுதான்.”

பொறுப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரித்ததால் முடிவு எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். கையிலிருந்த சீட்டைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “எங்க ஆளே எழுதின நம்பரை நான் எப்படி இல்லன்னு சொல்ல முடியும்?” என்றார். பிறகு அண்ணன் கொடுத்த தாளை மடித்து, “சார், இதை நீங்க திருத்தி எழுதிக் கொடுக்கணும்” என்று நீட்டினார்.

அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

“அப்பா இருந்திருந்தா நீ இப்படிப் பேசியிருக்க மாட்ட.”

“அப்பா இருந்திருந்தா, வீட்டுக்குத்தானே பெருமைன்னு மறுபடியும் சொல்லியிருப்பாரு. நான் இதையேதான் மறுபடியும் சொல்லியிருப்பேன். பத்தொம்பது வயசுல சொல்லத் தெரியல அண்ணா, அவ்வளவுதான். பாத்து இறங்கு, மூணாவது படி ஆடும்.”

அண்ணன் கண்காட்சிக்கு வரவில்லை. திருத்திய தாளைத் தபாலில் அனுப்பினார், இரண்டே வரி. தொடக்க நாளுக்கு முன் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றார். “சிரிக்க மாட்டாங்க. நாள்காட்டிக்குக் கீழ உன் பேர் இருக்கு. நல்ல மிஷின்ல அது நல்லாவே ஓடும்” என்றார் அக்கா. அதைக் குத்தலாகச் சொன்னாரா, உண்மை என்பதால் சொன்னாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்காக அவர் எதையும் மாற்றிச் சொல்லவும் இல்லை.

பெட்டியைக் கூட்டம் தொட்டு ஆட முடியாது என்பதால், ஆறு திரைகளில் எமுலேட்டரை அமைத்துத் தரும்படி கேட்டார்கள். அக்கா அமைத்தார். அதிலும் 26624 முதல் 26751 வரை உள்ள கட்டங்களைச் சாகடித்தார்.

“வேணும்னே கெட்டுப்போற எமுலேட்டராக்கா?” என்றார் பொறுப்பாளர்.

“அந்தச் சிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒட்டுக்கால். ஒருநாள் மொத்தமா போயிடும். போனாலும் கணக்கு இருக்கணும்.”

“நான் ஒண்ணு சொல்லட்டுமா? அங்கதான் நூத்தி இருபத்தெட்டு கட்டம் சும்மா கிடக்கே. அதை உயிரோட விட்டுட்டு, உங்க பேரைத் திரையில வர்ற மாதிரி போட்டுடலாமே? அப்ப விட்ட பேரு.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. கண் ஒரு கணம் திரையில் நின்றது.

“வேண்டாம் தம்பி. அப்ப பேரா காலான்னு வந்துச்சு, காலை எடுத்துக்கிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். பேரை அட்டையில போடுங்க. பெருசாவே போடுங்க.”

போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், மூடி கழற்றிய கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் அட்டை. வாங்கியவர் என்று ஒரு பெயர். எழுதியவர் என்று ஒரு பெயர். அதற்கும் கீழே: ‘ஆறாவது சிப்பில் உள்ள கோளாறு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது.’

தொடக்க நாள் காலையில் கூடம் திறப்பதற்குள் அக்கா திருப்புளியோடு வந்து, கண்ணாடியைத் தானே பூட்டினார். குறிப்பேட்டில் 412-க்கு எதிரே ‘மாற்றியது’ என்பதை அடித்துவிட்டு, ‘திரும்ப வைத்தது’ என்று எழுதியிருந்தார். போர்டின் ஓரத்தில், யாராவது என்றைக்காவது கண்ணாடியைத் திறந்து குனிந்தால் மட்டும் தெரியும்படி, வெள்ளை மையில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்.

‘இதில் இனி யாரும் திருப்புளி வைக்கக் கூடாது.’